ஒரு அத்தியாயம் பாக்கி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிளை நூலகத்தில் இப்போது இருக்கும் நூலகர் சென்ற மாதம் போன் செய்தார். ஆவடிப் பக்கம் இருக்கிற நூலகம். கூடம் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளாம். நாற்காலி போதாமல் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். கதைப் புத்தக அலமாரிகளைக் குறைத்துவிட்டு அங்கே மேசைகள் போடலாமா என்று யோசிக்கிறார்கள்.

"நாவலையெல்லாம் யாரும் கையால தொடறதில்ல மேடம். கதை கேக்கணும்னா போன்லயே கேட்டுக்கறாங்க. நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார்.

அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு உட்கார இடம் வேண்டும். முகப்பேரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, அந்த ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவள் நான். இடப் பற்றாக்குறை எனக்குத் தெரியும். ஆனாலும் "குறைச்சுடுங்க" என்று என் வாயில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு எத்திராஜும் அவர் மனைவி சுகந்தியும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை மட்டும் எழுதுகிறேன். என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பு, சில காலம் காத்திருப்பு, கிராமத்து நூலகம் ஒன்றில் முதல் வேலை, பிறகு இங்கே. படித்த படிப்பில் புத்தகத்துக்கு எண் போடவும் அடுக்கவும் கற்றுக்கொண்டேன். புத்தகத்தைக் கையில் எப்படி வாங்குவது என்று கற்றுக்கொடுத்தவர் எங்கள் நூலக ஆய்வாளர் தணிகாசலம்.

முன்கூட்டிச் சொல்லாமல்தான் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். குழாயடியில் கை கழுவி, கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைவார். என் நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்கார மாட்டார். வாசகர்கள் உட்காரும் பெஞ்சில், அவர்களுக்கு நடுவில்தான் உட்காருவார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார். கிழிந்திருந்தால் திட்டுவதில்லை. அந்தப் புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போவார். அவர் புறப்படும்போது என் மேசையில் ஒரு கோபுரம் நிற்கும். அதைப் பார்ப்பதைவிட நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

"புத்தகம் திரும்பி வந்தால் அட்டையைப் பார்க்காதீர்கள் அம்மா. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முன்னால் ரெண்டு பக்கம் போனால் படிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். கடைசிப் பக்கம் போய்விட்டால் அவருக்கு நாம் துரோகம் செய்த மாதிரி" என்பார். பேசும்போதும் எழுதுகிற மாதிரியே பேசுவார். அவர் சொன்னபடி பார்த்துப் பார்த்து, புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கட்டைவிரல் தானாகப் பின்னட்டைக்குப் போகும் அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. தளர்ந்த தாளுக்கு மைதாப் பசை, பிரிந்த கட்டுக்கு ஊசி நூல். அதற்கும் மேல் ஆகாது என்றால் நீக்கம் என்று முத்திரை போட்டு, எடைக்குப் போகிற மூட்டையில் சேர்ப்போம். மூட்டை போகிற நாளில் நான் வாசலுக்கு வர மாட்டேன்.

எத்திராஜ் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர். அறுபது வயது இருக்கும். உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். நான்தான் கூப்பிட்டேன்.

"ஒரு கதை பொஸ்தகம் வோணும் மேடம்."

"என்ன புத்தகம்?"

"பேரு தெரியாது."

"எழுதினவர் பேரு?"

"அதுவும் தெரியாது. தேர் திருவிழாவுல ஒரு பொம்பளையோட புள்ள காணாம பூடுது. அந்தப் பொம்பள ஊர் ஊரா தேடிக்கினே போவுது. அந்தப் புக்குதான்."

மேசையருகே நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என் சம்சாரம் சின்ன வயசுல இந்த லைப்ரரிலதான் எடுத்துப் பட்ச்சாளாம். முடிவு மட்டும் படிக்கலியாம். இப்ப ஒடம்பு சொகமில்ல. சக்கரை. கிட்னி ரெண்டும் பூட்ச்சு, கண்ணும் தெரியல. வாரத்துல மூணு நாளு மெஷின்ல போட்டு ரத்தம் சுத்தம் பண்றாங்கோ" என்றார்.

பெயரே தெரியாத புத்தகத்தைத் தேடி வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு முறை உண்டு. கதையைக் கேட்கக் கூடாது, ஏனென்றால் எல்லாருக்கும் கதை மாறிப்போயிருக்கும். புத்தகம் எவ்வளவு கனம், எழுத்து சின்னதா பெரிதா, படம் இருந்ததா, எந்த அலமாரியில் இருந்தது என்று கேட்க வேண்டும். எத்திராஜுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் பதிலோடு வருவார். "பச்சை அட்டையாம் மேடம்" என்றார் ஒரு நாள், கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி. அந்தக் காலத்தில் எங்கள் நூலகத்தில் பைண்டிங் செய்த புத்தகம் பாதிக்குப் பாதி பச்சை அட்டைதான். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை ஆய்வாளர் வந்தபோது அவரிடம் கேட்டேன். கைக்குட்டையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "தொலைந்தபோது அந்தக் குழந்தையின் கையில் என்ன இருந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் எத்திராஜ் வந்து சொன்னார். "ஊதலாம் மேடம். பனை ஓலை ஊதல்."

ஆய்வாளருக்குப் போனில் சொன்னேன். நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொன்னார். இப்போது அந்த இரண்டு பெயரும் யாருக்கும் தெரியாது. மறுபதிப்பு வராத புத்தகம். எங்கள் பிரதி நான் வருவதற்கு முன்பே நீக்கமாகியிருந்தது. சுற்றியிருக்கிற கிளைகளுக்கெல்லாம் போன் போட்டேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தது. ஆசையாகப் போய் வாங்கி, நின்ற இடத்திலேயே பின்பக்கத்தைத் திறந்தேன். கடைசி அத்தியாயங்களைக் கரையான் தின்றிருந்தது. சுகந்தி படிக்காமல் விட்டது சரியாக அந்தப் பகுதிதான்.

முழுப் பிரதி ஒன்று மைய நூலகத்தில், வெளியே கொடுக்காத பழைய நூல்களோடு இருந்தது. ஆய்வாளரிடம் கேட்டேன். "அது இரவல் கொடுக்கிற நூல் அல்ல அம்மா" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஒரு நோயாளிக்காகக்கூட வளையாத மனிதர் என்று மனதுக்குள் திட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். செருப்பைக் கழற்றினார், கை கழுவினார். தோள் பையிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். மின்சார ரயில் கூட்டத்தில் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்திருக்கிறார். துணியெல்லாம் வியர்வை.

"இதை வாசகர் கையில் கொடுக்க முடியாது. உங்கள் பொறுப்பில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். நீங்கள் எங்கே வைத்துப் படிக்கிறீர்கள், யார் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள் என்பதை நான் கேட்கப்போவதில்லை" என்றார்.

எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஆவடி பஸ் நிலையத்தில் இறங்கினால் எத்திராஜின் ஆட்டோ காத்திருக்கும். வெள்ளானூரில் புது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு அவர்களுடையது. என்னை இறக்கிவிட்டு, "ரெண்டு சவாரி பார்த்துக்கினு வந்துர்றேன் மேடம்" என்று போய்விடுவார். கதை கேட்க உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போய்விடும். மருந்துக்கு அந்த வருமானம் வேண்டும்.

சுகந்தி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். என்னைவிட இளையவள். கால் வீங்கி, கை எலும்பாகி, முகத்தைச் சத்தம் வரும் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். முதல் நாள் புத்தகத்தைக் கையில் கொடுக்கச் சொன்னாள். நான் ஆய்வாளரின் நிபந்தனையை நினைத்துக்கொண்டே அவள் மடியில் வைத்தேன். பக்கங்களை மெதுவாகத் தடவி, முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"இதுதான் மேடம். படிங்க. அவ அனாதை இல்லத்து வாசல்ல நிக்கிறா. கூர்க்கா உள்ள விட மாட்டேங்கறான். அதுல விட்டேன்."

அந்தப் பக்கத்தைத் தேடினேன். அவள் சொன்ன இடத்தில் அப்படியேதான் இருந்தது. அத்தனை வருடமாக அந்தப் பெண்ணை அந்த வாசலிலேயே நிறுத்திவைத்திருந்திருக்கிறாள்.

ஏன் விட்டாள் என்பதை அடுத்த வாரம் சொன்னாள். அவள் அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வீடு. அவள் எத்திராஜோடு வீட்டை விட்டுப் போன நாளில் இந்தப் புத்தகத்தில் கடைசிச் சில அத்தியாயங்கள் தவிர எல்லாம் படித்திருந்தாள்.

"மாத்துத் துணி ஒரு பையில. இந்தப் புக்கு இன்னொரு கையில. இவர் வெளியில நின்னு கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுறார். நான் நேரா லைப்ரரிக்குப் போயி புக்கைக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அப்பா கார்டுல எடுத்தது மேடம். குடுக்காமப் போனா அவருக்குத்தானே கெட்ட பேரு?"

அப்பா கடைசிவரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவர் இறந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அழவில்லை. "புக்கை ஒழுங்காத் திருப்பிக் குடுத்தேன்னு யாராவது அவர்கிட்டச் சொல்லியிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. "அட்டையில் வரவு போட்டிருப்பாங்க. அவர் அடுத்த தடவை வந்தப்போ பார்த்திருப்பார்" என்றேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் வீட்டில் ரேடியோகூடக் கிடையாதாம். வேலை முடிந்து வருகிறவருக்குச் சோறு போட்டுவிட்டு இந்தக் கதையைத்தான் சொல்வாளாம். சொல்லிச் சொல்லி அனாதை இல்லத்து வாசல் வந்ததும் நின்றுவிடும். "அதுக்கப்புறம் நானே ஏதாவது சொல்லுவேன் மேடம். ஒரு நாள் புள்ளை கெடைச்சிருவான். ஒரு நாள் கெடைக்க மாட்டான். இவருக்குக் கோவம் வந்துரும், நெசமா இன்னா ஆச்சுன்னு கேப்பார். எனக்குத் தெரிஞ்சாத்தானே?"

நான் படிப்பதில் அவளுக்குக் குறை உண்டு. வேகமாகப் படிக்கிறேனாம். ஒரு வரியில் நிறுத்தி, "அந்த எடத்தை இன்னொரு தடவை" என்பாள். மெஷினில் போட்டு வந்த மறுநாள் என்பதால் சில வாரம் களைத்துக் கிடப்பாள். தூங்கிவிட்டாள் என்று நான் நிறுத்தினால் கண்ணை மூடியபடியே விரலை அசைப்பாள். தொடர்ந்து படிப்பேன். நூலகத்தில் அத்தனை காலம் வேலை பார்த்தும், வாய்விட்டு ஒருவருக்குப் படித்துக்காட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. மேசைக்கு அந்தப் பக்கம் புத்தகத்தைக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அந்தப் புத்தகம் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்பதை வெள்ளானூரில்தான் பார்த்தேன்.

ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்த வெள்ளிக்கிழமை, நான் தண்ணீர் குடித்துவிட்டு பக்கத்தைத் திருப்பினேன்.

"இன்னைக்கு வேணாம் மேடம்" என்றாள்.

"முடியலையா?"

"அதில்ல. முடிஞ்சுட்டா அப்புறம் என்ன இருக்கு? அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இன்னைக்கு அந்த ஆத்தங்கரை எடத்தைப் படிங்க."

ஆற்றங்கரையைப் படித்தேன். அடுத்த வாரம் வேறொரு இடத்தைக் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நான் வற்புறுத்தவில்லை. அவள் எதை நிறுத்திப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பதுதான்.

ஒரு வியாழக்கிழமை, மெஷினில் இருக்கும்போதே சுகந்தி போய்விட்டாள். எத்திராஜ் ஆட்டோவிலிருந்தே போன் செய்தார். "பூட்டா மேடம்" என்றார்.

சாவுக்குப் போய்விட்டு வந்த வாரத்தில் புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி மைய நூலகத்துக்கு எடுத்துப் போனேன். ஆய்வாளர் துணியைப் பிரிக்காமலே கேட்டார். "முடித்துவிட்டீர்களா?"

"ஒரு அத்தியாயம் பாக்கி சார். அவங்க போயிட்டாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளினார். "அப்படியானால் இன்னும் உங்களிடமே இருக்கட்டும்" என்றார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. இப்போது அவரும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் எத்திராஜ் நூலகத்துக்கு வந்தார். மொட்டைத் தலை. அதே காக்கிச் சட்டை. இந்த முறை வாசலில் நிற்கவில்லை, நேராக மேசைக்கு வந்தார்.

"அந்தக் கடைசி பாடம் பாக்கி கீது இல்ல மேடம்?"

"ஆமாங்க."

"வந்து பட்ச்சு காட்றீங்களா? அவ கேக்காம பூட்டா. நானாச்சும் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். அன்று அவர் சவாரிக்குப் போகவில்லை. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதில் உட்காராமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுகந்தி சொன்ன மாதிரி நிதானமாகவே படித்தேன்.

அந்த அத்தியாயத்தில் அந்தத் தாய்க்கு வயதாகிவிடுகிறது. ஏதோ ஒரு ஊருக்குப் போகப் பஸ் ஏறுகிறாள். கண்டக்டர் இளைஞன். அவன் காதோரத்தில், தன் பிள்ளைக்கு இருந்த அதே மச்சத்தைப் பார்க்கிறாள். "உள்ள போய் உக்காருங்கம்மா" என்கிறான் அவன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிறாள். அவன் ஓட்டுநரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவதையும், இரவு வீட்டுக்கு அம்மாவுக்கு வாங்கிப்போக வேண்டிய மருந்தைப் பற்றிச் சொல்வதையும் கேட்டுக்கொண்டே வருகிறாள். அடுத்த நிறுத்தத்தில் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுகிறாள். பஸ் போய் மறைகிற வரைக்கும் நிற்கிறாள். அவ்வளவுதான்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எத்திராஜ் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"சொல்லல?"

"சொல்லலைங்க."

"புள்ள நல்லாகீறான். அது போதும்னு இறங்கிட்டா." தலையை ஆட்டினார். "சர்தான்." கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "அந்த ரிக்சாக்காரன் இன்னா ஆனான்?"

"எந்த ரிக்சாக்காரன்?"

"அவ கூடவே வருவானே மேடம். கோயிந்தன். பாதியில உட்டுட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நாவலில் அந்தப் பெண் விதவை. தனி ஆளாகத்தான் ஊர் ஊராகப் போகிறாள். சுகந்திக்குப் படித்துக்காட்டாத ஆரம்ப அத்தியாயங்களையும் நான் வீட்டில் வைத்துப் படித்திருந்தேன். "அப்படி ஒருத்தர் இதுல வரலைங்க" என்றேன்.

"நல்லா பாருங்க மேடம். புருசன் இல்ல அவன், சும்மா தொணைக்கு வர்ற ஆளு. ஊரெல்லாம் அவளை ஒக்கார வெச்சு மிதிச்சுக்கினே போவான். கூலி கேக்க மாட்டான். மேடு வந்தா அவ இறங்குறேன்னுவா, இவன் உட மாட்டான். மழை வந்துட்சுன்னா தன் சட்டைய அவுத்து அவ காலு மேல போத்திட்டு..."

அங்கே நிறுத்தினார். சட்டையைப் போர்த்துகிற மாதிரி நீட்டிய கை அப்படியே நின்றுபோனது.

"ஆட்டோ வாங்குறதுக்கு முன்ன நான் ரிக்சாதான் மேடம் மிதிச்சேன்" என்றார் மெல்ல. "குவார்ட்டர்ஸ் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திகினு போவேன். அவளையும்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்ப அது பொஸ்தகத்துல இல்ல?"

"இல்லைங்க."

அவர் என் மடியிலிருந்த புத்தகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சுகந்தி இறந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. வெளியே அவருடைய ஆட்டோ பக்கத்தில் நின்று யாரோ சவாரி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.